முழங்கால் நோவும் 17 என்ற எண்ணும்: எதற்குச் செலவழிப்பது?

அம்மாவின் இரத்தப் பரிசோதனைத் தாளில் விற்றமின் டி-க்கு நேரே 17 என்று அடித்திருந்தது. பக்கத்தில் குறைவு என்று காட்ட ஒரு நட்சத்திரக் குறி. தருமபுரத்திலிருந்து பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கு வந்து, ஏ9 வீதிக்கரையில் ஒரு லாப்பில் இரத்தம் கொடுத்து, ரிப்போட் எடுக்க இன்னொருநாள் வந்து வாங்கிய தாள் அது. மூன்று வருடமாக இழுபடும் முழங்கால் நோவுக்கு ஒருவழியாகக் காரணம் பிடிபட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அம்மாவுக்கு மட்டும் கோபம். "எனக்கு வெயில் பத்தாதாமோ? கச்சான் தோட்டத்துக்குள்ள காய்ஞ்சு கருவாடான உடம்பு இது."

பிறகு ஆளுக்கொரு வழி சொன்னார்கள். சின்னமாமி காலை இளவெயிலில் நிற்கச் சொன்னா. பாமசியில் நின்ற தம்பி, வாரத்துக்கு ஒன்று போடுகிற பெரிய குளிசை இருக்கிறது என்றார். கொழும்பிலிருக்கும் அண்ணா, ஊசி போட்டால் ஒரேயடியாக அலுவல் முடிந்துவிடும் என்றார். கனடாவிலிருந்து சித்தப்பா மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமின் குளிசைப் போத்தல் அனுப்பட்டுமா என்று கேட்டார். ஆஸ்பத்திரியின் பிசியோ பிரிவில் நின்ற பிள்ளை மட்டும் விற்றமினைப் பற்றி ஒன்றும் பேசாமல், கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பிக் காட்டச் சொன்னா. அம்மாவால் முடியவில்லை.

எல்லாவற்றையும் செய்யக் காசும் இல்லை, அம்மாவுக்குப் பொறுமையும் இல்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்டும் வாசித்தும் நான் வந்த முடிவுகள் இவை. நான் வைத்தியர் இல்லை. முடிவெடுக்கவேண்டி வந்த ஒரு மகள்.

முதலில் அந்த எண். இரத்தத்தில் பார்ப்பது 25-ஹைட்ரொக்சி விற்றமின் டி. ஒரு மில்லிலீற்றரில் எத்தனை நானோகிராம் என்று எழுதுவார்கள். சில லாப்கள் நானோமோல் கணக்கில் தரும், அதை 2.5 ஆல் பிரித்தால் மற்ற எண் வரும். இரண்டு அலகையும் குழப்பிக்கொண்டு, நானோமோலில் 50 என்று வந்த ரிப்போட்டைப் பார்த்து "எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்று இருப்பவர்களும் உண்டு. அந்த 50 உண்மையில் 20 தான். 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைவு, 12-க்குக் கீழே போனால் எலும்பே மெலிவாகும் அளவுக்குக் குறைவு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 30 இருக்கவேண்டும் என்று 2011 இல் அமெரிக்க அகஞ்சுரப்பியியல் வைத்தியர் சங்கம் சொன்னது. 2024 இல் அதே சங்கம் அந்த இலக்கைக் கைவிட்டது. சுகமாக இருப்பவர்களுக்கு வழமையாக இந்தப் பரிசோதனை தேவையில்லை என்றும் சொன்னது. ஆனால் பல லாப் தாள்களில் 30 இன்னும் அப்படியே நிற்கிறது. 24, 26 என்று வந்ததற்கெல்லாம் பயந்து ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்மாவின் 17, கொஞ்சம் குறைவு. அதில் சந்தேகமில்லை. ஆனால் முழங்கால் நோவு அதனால்தானா? இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முதல் அம்மா எப்படி இருந்தா என்று யோசித்துப் பார்த்தேன். நோ தொடங்கிய பிறகுதான் தோட்டத்துக்குப் போவதை விட்டா. தாழ்வாரத்துக்குள்ளேயே இருக்கத் தொடங்கினா. நடமாட்டம் குறைந்து ஏழெட்டுக் கிலோ ஏறியது. விற்றமின் டி கொழுப்பில் கரைவது. உடம்பில் கொழுப்பு கூடினால் இரத்தத்தில் அதன் அளவு குறைவாகத் தெரியும். அதே கொழுப்பு முழங்காலையும் அமத்தும். ஆக, நோ வந்ததால் வெயில் குறைந்து, வெயில் குறைந்ததால் எண் குறைந்திருக்கலாம். எல்லோரும் நினைத்ததற்கு நேரெதிர். தோட்டத்தில் நின்ற காலத்திலும்கூட, அப்பாவின் பழைய முழுக்கைச் சேட்டை மேலே போட்டு, தலையில் துவாய் கட்டித்தான் அம்மா வேலை செய்வா. வெயிலில் நின்றது அந்தச் சேட்டுத்தான்.

இந்தச் சந்தேகத்தைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முழங்கால் தேய்வு, அதாவது மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்து வரும் நோ, உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு விற்றமின் டி, மற்றப் பகுதிக்கு ஒன்றுமில்லாத வெறுங்குளிசை. 2013 இல் அமெரிக்காவில் 146 பேரோடு இரண்டு வருடம் பார்த்தார்கள்: நோவிலும் வித்தியாசமில்லை, மூட்டுக் குருத்தெலும்பு தேய்வதிலும் வித்தியாசமில்லை. 2016 இல் ஆஸ்திரேலியாவில் 413 பேர். இவர்கள் எல்லோரும் டி குறைவாக இருந்தவர்கள். அம்மாவின் 17-ம் அந்த வட்டத்துக்குள் வரும். மாதம் 50,000 யூனிற் (விற்றமினை அளக்கும் அலகு) கொடுத்தார்கள். எண் ஏறியது, நோ விடயத்தில் வெறுங்குளிசைக்காரரை மிஞ்சவில்லை. 2020 இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வில் 1,398 பேர், தினமும் 2,000 யூனிற், சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல். அங்கும் அதே கதை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2013 இல் இந்தியாவின் லக்னோவில் டி குறைவாக இருந்த 107 பேரை வைத்து ஒரு வருடம் செய்த ஆய்வில் நோ கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். தோல் நிறத்திலும் வெயிலிலும் எங்களுக்குக் கிட்டவான ஆட்கள் என்பதால் அதை நான் தூக்கி எறியமாட்டேன். ஆனால் சிறிய ஆய்வு ஒன்றை நம்பிப் பெரிய ஆய்வுகளை மறக்கவும் மாட்டேன்.

இதில் ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. விற்றமின் டி மிகவும் குறைந்து, மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் எலும்பில் சுண்ணாம்பு ஏறாமல் மெதுமையாகிவிடும். இந்த எலும்பு மென்மை நோய் முழங்கால் நோ மாதிரியே தொடங்கலாம். வித்தியாசம் இதுதான்: நோ மூட்டில் மட்டும் நிற்காது. இடுப்பு, தொடை, விலா என்று எலும்பெல்லாம் குடையும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் கைப் பெருவிரலால் அமத்தினால் நோகும். தொடையில் பலம் இருக்காது, நிலத்திலிருந்து எழும்பமுடியாது, வாத்து மாதிரி ஆடி ஆடி நடப்பார்கள். இப்படியானவருக்கு விற்றமின் டி கொடுத்தால் சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் ஆளே மாறிவிடுவார். ஊரில் யாராவது "டி குளிசை போட்டேன், முழங்கால் நோ பறந்துபோச்சு" என்று சத்தியம் பண்ணினால், அவர் இந்த வகையாக இருந்திருக்கலாம். பொய் சொல்லவில்லை, அவருடைய நோ வேறு, உங்களுடையது வேறு.

தேய்வு நோ அப்படியில்லை. 45 வயது தாண்டியவர், நடந்தால் படியேறினால் நோகும், இருந்தால் குறையும், காலையில் எழும்பும்போது மூட்டு இறுகியிருக்கும் ஆனால் அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். இவ்வளவும் பொருந்தினால் அது தேய்வு என்று சொல்ல எக்ஸ்ரேகூடத் தேவையில்லை என்பதுதான் இன்றைய வழிகாட்டல். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முழங்கால் நோகாமல் இருப்பதும், படத்தில் நல்லாயிருப்பது உயிரை எடுப்பதும் சாதாரணம்.

எங்கள் மண்ணில் இதற்கும் ஒரு விலக்கு. 2009-க்கு முதல் காலில் காயப்பட்டவர்கள், செல் துண்டு இன்னும் உள்ளே இருப்பவர்கள் எத்தனை வீட்டில் இல்லை? அந்தக் காலில்தான் நோ என்றால் எக்ஸ்ரே எடுக்கத்தான் வேண்டும். எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தால், உள்ளே உலோகம் இருப்பதை மெசினுக்குள் போகமுதல் கட்டாயம் சொல்லவேண்டும். காந்தம் அதை அசைக்கலாம். பழைய காயம் உள்ள மூட்டு மற்ற மூட்டைவிடச் சீக்கிரம் தேயும். விற்றமின் எண்ணைத் துரத்துவதால் அது மாறப்போவதில்லை.

இனித் தெரிவுகள்.

இளவெயிலைப் பற்றிச் சின்னமாமியோடு சண்டை பிடிக்க விருப்பமில்லை, ஆனால் அது பிழை. தோலில் விற்றமின் டி உண்டாக்குவது வெயிலில் உள்ள ஒருவகைப் புறஊதாக் கதிர். சூரியன் சரிவாக இருக்கும் காலையிலும் மாலையிலும் அது வானத்திலேயே வடிபட்டுவிடும். உங்கள் நிழல் உங்களைவிடக் கட்டையாக இருக்கும் நேரம்தான் பயன் உண்டு. வன்னியில் ஒன்பதரை பத்து மணிக்கு அந்த நேரம் வந்துவிடும். கையும் காலும் திறந்தபடி இருபது நிமிடம் முற்றத்தில் நின்றால் போதும். கறுத்த தோலுக்குக் கொஞ்சம் கூட வேண்டும். யன்னல் கண்ணாடிக்கு உள்ளே இருந்தால் அந்தக் கதிர் வராது. நடுமத்தியான வெயிலில் நிற்கச் சொல்லமாட்டேன், ஆவணி வெயில் கிளிநொச்சியில் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். செலவில்லாத வழி. ஆனால் வயது போகப்போகத் தோல் உண்டாக்கும் அளவு குறையும். ஆடைத் தொழிற்சாலையில் காலை முதல் பின்னேரம்வரை உள்ளே நிற்கும் பிள்ளைகளுக்கு இது ஞாயிற்றுக்கிழமை வைத்தியம் மட்டும்தான்.

சாப்பாட்டால் மட்டும் இந்த எண்ணை ஏற்றுவது கஷ்டம். முல்லைத்தீவிலிருந்து வரும் சூடை, சாளை மாதிரி எண்ணெய் உள்ள மீன்களில் இருக்கிறது. ஒரு முட்டை மஞ்சளில் 40 யூனிற் அளவு. ஒரு நாளைக்கு வேண்டியது 600, எழுபது வயதுக்கு மேல் 800. எத்தனை முட்டை என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். குரக்கனும் முருங்கையிலையும் சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது, டி-க்கு அல்ல.

சிறு குளிசையா, வாரத்துக்கு ஒன்று போடும் பெரிய குளிசையா? எண் 12-க்குக் கீழே என்றால், அல்லது எலும்பு மென்மையின் அடையாளம் இருந்தால், வைத்தியர் வாரத்துக்கு 50,000 என்று எட்டு வாரம் எழுதுவது வழமை. அம்மா மாதிரி 17 என்று நிற்பவருக்குத் தினமும் 1,000 யூனிற் போதும். தினமும் 100 யூனிற் கூட்டினால் எண் ஏறக்குறைய 1 ஏறும் என்பது ஒரு கைக்கணக்கு. சோற்றோடு போடவேண்டும், வெறுவயிற்றில் அல்ல. தானாக வாங்கிப் போடுபவர் தினமும் 4,000 யூனிற்றைத் தாண்டக்கூடாது. வாரக் குளிசையைத் தினக் குளிசை என்று நினைத்துப் போட்டு, தாகம், மலச்சிக்கல், வாந்தி என்று வந்து, பிறகு சிறுநீரகமே பழுதாவதும் நடக்கக்கூடியது.

ஊசி அல்லது ஒரேயடியாகப் பெருமளவு: இதை நான் முற்றாகத் தள்ளிவிட்டேன். ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய 2,256 பெண்களை வைத்து, பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒருமுறை 5 இலட்சம் யூனிற்றை வாயால் கொடுத்துப் பார்த்தார்கள். 2010 இல் முடிவு வந்தது. விழுவது குறையவில்லை, கூடியது. எலும்பு முறிவும் கூடியது. சாப்பிடவே முடியாத, குடல் உறிஞ்சாத நோயாளிக்கு ஊசி தேவைப்படலாம். சோறு சாப்பிடும் அம்மாவுக்கு ஏன்?

பரிசோதனை செய்யாமலே சிறு குளிசையைத் தொடங்கலாமா? பெரும்பாலானவர்களுக்கு என் பதில், ஆம். லாப்புக்குக் கொடுத்த காசில் எத்தனையோ மாதத்துக்குக் குளிசை வாங்கியிருக்கலாம் என்று பிறகுதான் விளங்கியது. ஆனால் சிலர் பார்க்கத்தான் வேண்டும்: எலும்பெல்லாம் குடைபவர், வலிப்புக் குளிசை வருடக்கணக்கில் போடுபவர், கசரோகத்துக்கு மருந்து எடுப்பவர், படுக்கையிலேயே இருப்பவர், சிறுநீரகக் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்.

இந்தக் கடைசி ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் அநுராதபுரம், பொலநறுவைப் பக்கம் மட்டுமல்ல, வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறது. விற்றமின் டி உடம்பில் வேலை செய்யவேண்டுமென்றால் ஈரலில் ஒருமுறை, சிறுநீரகத்தில் ஒருமுறை மாறவேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த இரண்டாவது மாற்றம் ஒழுங்காக நடக்காது. அவருக்கு வேறு வடிவ மருந்து தேவைப்படலாம், அதைக் கிளினிக் டொக்டர்தான் தீர்மானிக்கவேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து நோக் குளிசை. டைக்குளோபினாக், இபுபுரூபன் இரண்டும் சிறுநீரகத்துக்கு எதிரி. முழங்கால் நோவுக்குக் கடையில் இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகும் ஐயாமார் எத்தனை பேர்! தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்யும் உடம்புக்கு அது இன்னும் மோசம். டைக்குளோபினாக் களிம்பாகப் பூசினால் இரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு; முழங்கால் தோலுக்குக் கிட்ட இருக்கும் மூட்டு என்பதால் நன்றாகவே கேட்கும். குளிசைக்கும் களிம்புக்கும் இடையில் தெரிவு என்றால் முதலில் களிம்பு. கொப்பி வைத்திருப்பவர்கள் அதையும் கேட்டுவிட்டே பூசவேண்டும்.

குளுக்கோசமினுக்குச் சித்தப்பாவிடம் நன்றி சொல்லி வேண்டாம் என்றேன். மூட்டுக்குள் போடும் ஸ்ரெரொயிட் ஊசி சில வாரம் ஆறுதல் தரும். ஒரு கலியாணவீடு, ஒரு திருவிழா தாண்ட உதவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு இன்னும் கூடத் தேய்ந்தது என்று 2017 இல் ஓர் ஆய்வு காட்டியது. நொச்சி இலை ஒத்தடம் இதமாக இருக்கிறதென்றால் செய்யட்டும், தீங்கில்லை.

மிஞ்சியது பிசியோப் பிள்ளை சொன்னது. முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்தசை. அது மெலிந்தால் ஒவ்வொரு அடியின் பாரமும் நேரே மூட்டில் விழும். கதிரையில் இருந்தபடி காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குவது பத்துத் தரம். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது பத்துத் தரம். முடியாவிட்டால் கதிரையின் காலுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தித் தொடங்கலாம். கொஞ்சம் நோகும், நோகலாம். அடுத்தநாளும் அந்த நோ நின்றால் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். எட்டுப் பத்து வாரம் விடாமல் செய்யவேண்டும். மாயமில்லை, நோ முழுதாகப் போகாது. ஆனால் சராசரியாகப் பார்த்தால் நோக் குளிசை தரும் அளவு ஆறுதலை இது தருகிறது, சிறுநீரகத்தைத் தொடாமல். அரச ஆஸ்பத்திரியில் காட்டித் தருவதற்குக் காசும் இல்லை. சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. சீற்றை உயர்த்தி, மிதி கீழே போகும்போது கால் ஏறக்குறைய நேராகும்படி வைக்கவேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் சீற்றைப் பதித்து வைத்து மிதிப்பதில் முழங்கால் கூடுதலாக மடியும்.

அதோடு நிறை. ஒரு கிலோ குறைந்தால் முழங்கால் ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறைவாகத் தாங்கும். 2013 இல் வந்த ஆய்வு ஒன்றில் சாப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்து பத்திலொரு பங்கு நிறை குறைத்தவர்களுக்கு ஒன்றரை வருடத்தில் நோ பாதியளவு குறைந்தது. அம்மாவிடம் சோற்றைக் குறைக்கச் சொல்வது யார் என்பதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை.

நாங்கள் எடுத்த முடிவு இது. கிளினிக்கில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின் பார்த்தபிறகு, மத்தியானச் சோற்றோடு 1,000 யூனிற் குளிசை ஒன்று. அது எலும்புக்காக, முழங்காலுக்கு என்று அம்மாவுக்கு நான் பொய் சொல்லவில்லை. பின்னேரம் நாடகம் ஓடும் நேரத்தில் கதிரைப் பயிற்சி. கச்சான் ஆயப் போனால் குந்தாமல், வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருப்பது. பத்து வாரம் முடிந்தது. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்புகிறா. கோயில் படியில் இன்னும் நோகிறது. நிறை ஒன்றரைக் கிலோதான் இறங்கியிருக்கிறது. முழங்கால் வீங்கிச் சூடாகிக் காய்ச்சல் வந்தால், அல்லது மடிந்தபடி பூட்டிக்கொண்டால், இதையெல்லாம் விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

மூன்று மாதத்தில் எண்ணைத் திரும்பப் பார்க்கச் சொல்லி லாப்பிலிருந்து தகவல் வந்தது. போகவில்லை. அந்தக் காசைக் கொமட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறோம். மலசலகூடத்தில் குந்தி எழும்புவதுதான் இப்போது மிச்சமிருக்கும் பெரிய நோ. பொங்கல் முடிய வருவதாக மேசன் சொல்லியிருக்கிறார்.